தண்ணீர் குடித்துப் பார்த்த உத்தியோகம்

போன மாதம் சுகாதார இலாகாவிலிருந்து இரண்டு பிள்ளைகள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். கையில் அச்சடித்த கேள்வித்தாள் ஒரு கட்டு. இலாகா நடத்தும் பிரசாரங்களால் மக்களின் பழக்கம் மாறியிருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டுக் குறிக்கிறார்களாம். இதே வேலையைப் பார்த்த பழைய ஆள் ஒருவர் மலாக்காவில் காஜா பெராங் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அங்கிள், உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"குடிச்சுத்தான்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் பேனாவை மூடினான். சமையற்கட்டிலிருந்து என் மனைவி, "தண்ணியச் சொல்றாரு தம்பி, தண்ணிய!" என்று குரல் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பையன் என் கண்களின் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்களிடம் அவசரத்தில் சொன்னதை இங்கே நிதானமாக எழுதிவிடுகிறேன்.

நான் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்பாவுக்கு முதுகு போனது. என் படிப்பும் கூடவே போனது. மீசை முளைக்கும் முன்பே கொசு எண்ணெய் அடிக்கும் நாள்கூலியாக மலாக்கா நகரத்துச் சாக்கடைகளில் இறங்கினேன். இறங்கிய முதல் நாளே மலேரியா வந்துவிட்டதாக நினைத்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எலிப் பொறி வைக்க அனுப்பினார்கள், எலிக்காய்ச்சல் வந்தது. எந்த வேலைக்கு அனுப்பினாலும் அந்த வேலைக்குரிய நோய் என் மனதுக்கு வந்துவிடும். உடம்புக்கு ஒன்றும் வரவில்லை என்பது வேறு விஷயம். மலாய் பேசுவான், கடைத்தெருச் சீனர்களின் ஹொக்கியன் புரியும், எழுத்துக் கூட்டி எழுதுவான் என்று மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த பிறகு என்னைச் சுகாதாரப் பிரசாரப் பகுதிக்கு மாற்றினார்கள். சாக்கடையிலிருந்து மேலே ஏறினேன். கவலையும் கூடவே ஏறி வந்தது.

அங்கே எனக்கு மேலதிகாரி அருளம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் குடை, நான்காய் மடித்த கைக்குட்டை. ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் சப்பாத்தைக் கழற்றித் தெருவைப் பார்க்கத் திருப்பி வைப்பார். உட்காரச் சொன்னதும் உட்கார மாட்டார். இரண்டாம் முறை சொன்னால் புன்னகை செய்வார். மூன்றாம் முறைதான் உட்காருவார். நான் முதல் தடவையே உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்து நிற்பேன். வீட்டுக்காரர்களுக்கு எங்களில் யாருக்கு மூலம் என்று சந்தேகம் வந்திருக்கும்.

அந்த வருஷம் காஜா பெராங் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுத் தண்ணீரால் டைபாய்டு காய்ச்சல் தலைகாட்டியது. குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லி வீடு வீடாகப் போய்ப் பழக்க ஒரு பெண் வேண்டும் என்று தங்கம் அக்காவைத் தற்காலிகமாக வைத்தார்கள். நகரத்தில் தெங்கேரா பக்கம் இருந்தவர். சாலை வேலையில் கணவரை இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். அதற்கு முன் நாலைந்து வீடுகளில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சவர்க்காரத்தில் ஊறி ஊறி விரல்களுக்கு நடுவே தோல் வெடித்திருக்கும். எங்கள் வேலைக்கு வந்த பிறகுதான் ஆறியது.

தங்கம் அக்கா பிரசங்கம் செய்ய மாட்டார். நேரே அடுப்பங்கரைக்குப் போய் விறகைத் தள்ளி வைத்துக் கேத்தலை ஏற்றிவிடுவார். "ஒங்க வீட்டுக்காரருக்குக் காப்பின்னா மட்டும் தண்ணி கொதிக்குது. புள்ளைக்குன்னா கொதிக்க மாட்டேங்குதா?" என்பார். மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டி வீடுகளில் இதையே மலாயில் சொல்வார். அந்த வீடுகளில் வாசலில் மாவிலை இருக்கும், நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு மட்டும் மலாயாக இருக்கும். போன புதிதில் நான் ஒரு வீட்டில் "ஐயா வணக்கம், சௌக்கியமா?" என்று நீட்டி முழக்க, அந்தப் பெரியவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, இந்தப் பையன் என்ன விற்கிறான் என்று மனைவியிடம் மலாயில் விசாரித்தார்.

சில மாதம் கழித்து இலாகாவின் பெரிய டாக்டரிடமிருந்து உத்தரவு வந்தது. ஜனங்கள் உண்மையாகவே காய்ச்சிக் குடிக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். குடிக்கிறார்கள் என்றால் பிரசாரம் தொடரும், தங்கம் அக்காவின் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் அந்தப் பணம் சாக்கடை கட்டப் போகும். அக்கா பழையபடி துணி துவைக்கப் போவார்.

நான் கேள்விகளை எழுதிக் கொண்டுபோய் அருளம்பலம் முன்னால் வைத்தேன். அவர் படிக்கவே இல்லை.

"தம்பி, தண்ணி காய்ச்சுறீங்களோ எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். இல்லை எண்டு சொல்ல அவையளுக்கு என்ன விசரே?"

"அப்ப எப்படி சார் தெரிஞ்சுக்கிறது?"

"தாகமாய் இருக்குது எண்டு சொல்லும். எதிலயிருந்து ஊத்துகினம் எண்டு வடிவாப் பாரும். அவ்வளவுதான்."

அவருடைய முறை இதுதான். வெயில் ஏறிய பிறகு ஒரு வீட்டுக்குப் போவோம். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துத் தாகம் என்பார். சமையற்கட்டு தெரிகிற இடமாகப் பார்த்து நான் உட்கார வேண்டும். கேத்தலிலிருந்து ஊற்றினால் காய்ச்சிய தண்ணீர். மண் சாடியில் சிரட்டை அகப்பையை விட்டு மொண்டால் பச்சைத் தண்ணீர். வீட்டுக்காரர் முன்னால் எழுதினால் அடுத்த வீட்டுக்குச் செய்தி ஓடிவிடும் என்பதால் ஒரு நெருப்புப்பெட்டி வைத்திருந்தார். வெளியே வந்ததும் நான் சொல்வேன். காய்ச்சியது என்றால் முழுக் குச்சி ஒன்றை இடது சட்டைப் பைக்குள் போடுவார். பச்சைத் தண்ணீர் என்றால் குச்சியைப் பாதியாக ஒடித்துப் போடுவார். சுருட்டு பீடி எதுவும் தொடாத மனிதர் நாள் முழுக்க நெருப்புப்பெட்டியும் கையுமாக அலைந்தார்.

இதில் ஒரு சங்கடம். தண்ணீர் கேட்டால் யார் தண்ணீர் கொடுத்தார்கள்? மலாக்காவில் வந்தவருக்கு வெறும் தண்ணீரா கொடுப்பார்கள்? எல்லா வீட்டிலும் சீராப். சிவப்பாக, சர்க்கரைப் பாகாக, ரோஜா மணத்தோடு கண்ணாடிக் குவளை நிறைய. அருளம்பலம் சர்க்கரை நோயைச் சொல்லி இரண்டு கையையும் கூப்பிவிடுவார்.

"எனக்குச் சீனி வருத்தம் அம்மா. தம்பி குடிப்பார்."

இரண்டு குவளையும் என் பக்கம் வந்துவிடும். அந்தத் தண்ணீர் மண் சாடியிலிருந்து மொண்டதை அப்போதுதான் என் கண்ணால் பார்த்திருப்பேன். டைபாய்டு கிருமி படம் போட்ட அட்டையை என் கையாலேயே சுவரில் மாட்டியவன் நான். குடிக்காமல் வைத்தால் அந்த அம்மாவின் முகம் வாடும். குடித்தால் என் ஆயுள் வாடும். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். நாலாவது வீட்டுக்குப் போகும்போது நடக்கையில் வயிற்றுக்குள் சத்தம் கேட்கும். அருளம்பலம் குடையைச் சாய்த்து, "என்ன தம்பி, அலை அடிக்குது?" என்பார்.

வீடு வீடாக ஒரே கதைதான். சாடி, சிரட்டை, சிவப்பு. ஒடிந்த குச்சி, ஒடிந்த குச்சி. கம்போங் செட்டியில், ஊரே மாச்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடும் காமாட்சி வீட்டைத்தான் மிகவும் நம்பியிருந்தேன். தங்கம் அக்கா அங்கே அடிக்கடி போவார். காமாட்சி மாச்சிக்கும் அக்காவை மகள் போல நடத்துகிறவர். அவரும் "மாசோக், மாசோக்" என்று உள்ளே அழைத்து உட்காரவைத்து, பளபளவென்று துலக்கிய குவளையை எடுத்து, நேரே போய்ச் சாடிக்குள் சிரட்டையை விட்டார். என் நெஞ்சு விட்டுப்போயிற்று. வெளியே வந்து செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அருளம்பலமும் கேட்கவில்லை. குச்சியை ஒடித்தார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் தங்கம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா தம்பி, மொகம் புளிச்சாப்புல இருக்கு? எங்க சனங்க நல்லாக் காய்ச்சுறாங்களா?"

"எனக்கு எதுவும் தெரியாதுக்கா."

"நீ தெரியாதுன்னு சொல்லும்போதே ஒனக்கு வேர்க்குது. சரி, கேக்கல. நான் பாட்டுக்கு என் வேலையப் பாக்குறேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் போகும்போது விரல்களைப் பார்த்துக்கொண்டு போனார்.

அன்று மாலைக்குள் எனக்கு டைபாய்டு வந்துவிட்டது. அதாவது, வந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. வயிற்றைப் பிசைந்தது. அலுவலக மருந்துக்காரரிடம் கெஞ்சி ஒரு வயிற்று மாத்திரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் அருளம்பலத்துக்கு வேறு வேலை. கம்போங் செட்டியில் காய்ச்சல் அட்டை ஒன்று கிழிந்துவிட்டது, மாற்று என்று என்னைத் தனியாக அனுப்பினார். காமாட்சி மாச்சிக் வாசலுக்கு வந்தபோது வயிறு இழுத்துப் பிடித்தது. படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்னைக் கண்டதும் மாச்சிக் சீராப் போத்தலை எடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வேண்டாம் மாச்சிக். வயிறு சரியில்லை. மாத்திரை போடணும். கொஞ்சம் தண்ணி மட்டும்" என்று மலாயில் சொன்னேன்.

அவர் சீராப் போத்தலை டக்கென்று வைத்துவிட்டார். சாடிப் பக்கம் போகவே இல்லை. அடுப்பு மேடையில் துணி போட்டு மூடியிருந்த பெரிய கேத்தலை எடுத்து, அலுமினியக் குவளையில் ஊற்றிக் கொண்டுவந்தார்.

"இதைக் குடி. காய்ச்சினது. நாங்க குடிக்கிறது."

"நீங்க குடிக்கிறதா?"

"பின்னே? தங்கம் வந்து கத்தினதிலேருந்து பிள்ளைங்க எல்லாம் இதுதான்."

"அப்ப அன்னிக்கு எங்களுக்கு ஏன் சாடியிலேருந்து எடுத்தீங்க?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இவ்வளவு தெரியாதவனையா அரசாங்கம் வேலைக்கு வைத்திருக்கிறது என்கிற பார்வை.

"காய்ச்சின தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். புகை வாசம் வேற. வந்தவங்களுக்கு அதுலயா சீராப் கலப்பாங்க? சாடித் தண்ணிதான் ஜில்லுன்னு இருக்கும். பெரிய மனுஷர் வீட்டுக்கு வந்திருக்கார், நல்ல தண்ணியாத்தானே குடுக்கணும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குடும்பம் பத்திரமாக இருந்தது. வந்தவர்களுக்குத்தான் ஆபத்து. எந்த வீட்டில் மரியாதை அதிகமோ அந்த வீட்டில் எனக்குக் கிருமியும் அதிகமாகக் கிடைத்திருக்கிறது! "குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சுங்கள்" என்று தங்கம் அக்கா சொல்லியிருந்தார். சீராப்பும் தண்ணீர்தான் என்று யார் நினைத்தார்கள்? அது உபசாரம்.

வயிற்று வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அட்டையைக் கோணலாக மாட்டிவிட்டு ஓடினேன். அருளம்பலம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சட்டைப் பையிலிருந்த ஒடிந்த குச்சிகளை மேசையில் கொட்டி விரலால் கிளறினார்.

"அப்ப இது அவையள் என்ன குடிக்கினம் எண்டதுக்குக் கணக்கில்லை. எங்களுக்கு என்ன தருகினம் எண்டதுக்குக் கணக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவையள் மூண்டு தரம் சொல்லும் மட்டும் நான் இருக்காமல் நிண்டதும் பிழை. அதாலதான் இவ்வளவு மரியாதை."

"இனி என்ன செய்யறது சார்?"

"நோயாளி விருந்தாளி இல்லைத்தானே? நீர் திரும்பவும் போம். எல்லா வீட்டுக்கும். மாத்திரை போடத் தண்ணி கேளும். ஆனால் மருந்துக்கு மட்டும் தனியாக் காய்ச்சி வைச்சிருக்கினமோ தெரியாது. பள்ளிக்கூடம் விடுற நேரமாய்ப் போம். வாற பிள்ளையள் எதிலயிருந்து குடிக்குதுகள் எண்டு பாரும். பிள்ளையளுக்கு நடிக்கத் தெரியாது."

இப்படியாக, வீட்டுக்கு வீடு மாத்திரை விழுங்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. கெடுதல் இல்லாத வைட்டமின் மாத்திரை என்று மருந்துக்காரர் சத்தியம் செய்தார். மறுநாள் காலையில் சிறுநீர் மஞ்சளாகப் போனது. மஞ்சள் காமாலை என்று முடிவுகட்டி, யாருக்கு எதை எழுதி வைப்பது என்றுகூட யோசித்தேன். எழுதி வைக்கச் சைக்கிள் ஒன்றுதான் இருந்தது. அருளம்பலம், "அது வைட்டமின் போற வழி தம்பி" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார்.

முழுக் குச்சிகள் சேர ஆரம்பித்தன. எல்லா வீடும் இல்லை. சில வீட்டில் பிள்ளைகள் சாடிக்கே ஓடின. ஆனாலும் பெரும்பாலும் கேத்தல்தான். எனக்கு உயிர் வந்தது. ஊருக்கு மட்டும் என் உயிர் போய்க்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. வீட்டுக்கு வீடு மாத்திரை போடுகிற பையன் எத்தனை நாளைக்கு இருப்பான்? அப்போது எனக்குத் தெங்கேராவில் பெண் பேசியிருந்தார்கள். செய்தி அங்கே போய்ச் சேர, பெண்ணின் அப்பா சைக்கிளில் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"மாப்ளே, மறைக்காதீங்க. என்னா நோவு ஒங்களுக்கு?"

நான் வாயைத் திறக்கும் முன் அருளம்பலம் எழுந்து நின்று சொன்னார்: "அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அரசாங்கம் சொல்லித்தான் மருந்து குடிக்கிறார்."

"அரசாங்கமே சொல்லிருச்சா? அவ்வளவு முத்திப்போச்சா?" என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தங்கம் அக்காதான் தண்ணீர் கொடுத்து, விஷயத்தைச் சொல்லித் தெளியவைத்து அனுப்பினார். அதற்குள் அக்காவுக்கே எல்லாம் தெரிந்துபோயிற்று.

பெரிய டாக்டர் இரண்டு கணக்கையும் கேட்டார். அவர் கறாரானவர். வீட்டார் காய்ச்சிக் குடிப்பது நல்லது. ஆனால் விருந்தாளிக்குக் கிணற்றுத் தண்ணீர் போனால் காய்ச்சல் வீடு விட்டு வீடு போகும். இன்னும் கொஞ்சக் காலம் கொடுப்போம், சீராப்பும் மாறினால் அந்தப் பெண்ணுக்கு வேலை நிரந்தரம், மாறாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்.

தங்கம் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "சீராப்பா? கேத்தல் தண்ணியவே சின்னச் சாடியில ஊத்தி மூடி வச்சா அதுவும் ஜில்லுன்னுதானே இருக்கும்? இத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னா?" மறுநாளே கிளம்பிவிட்டார்.

மறுபடி பார்க்கும் நாள் வந்தது. இந்த முறை ஒரு புதுச் சிக்கல். எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு அலுமினியக் குவளையில் வெறும் தண்ணீர்தான் வந்தது. நான் அவர்கள் கண்ணில் விருந்தாளி இல்லை. மாத்திரைப் பையன், வீட்டுப் பிள்ளை. சீராப் அருளம்பலத்துக்கு மட்டும்தான். சீனி வருத்தம் என்று கை கூப்பினாலும், "கொஞ்சம்தான், கொஞ்சம்தான்" என்றார்கள். தள்ளிவிட ஆள் இல்லாமல் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் குடித்தார். பெரும்பாலும் அது மூடி வைத்த சின்னச் சாடியிலிருந்து ஊற்றியதுதான். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

கடைசியாகக் காமாட்சி மாச்சிக் வீடு. அவர் சின்னச் சாடியின் மூடியைத் திறந்தார். காலி. பக்கத்திலேயே பெரிய சாடி நிறையக் குளிர்ந்த தண்ணீர். சிரட்டை அதன் மேலேயே கிடந்தது. கை அதன் பக்கம் போனது. அருளம்பலம் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

மாச்சிக்கின் கை திரும்பி வந்தது. கேத்தலைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் இறக்கியிருப்பார் போல. இரண்டு குவளைகளை எடுத்து மாற்றி மாற்றி ஆற்ற ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்த பெரிய மனிதரைக் காக்கவைக்கிறோமே என்ற வெட்கத்தில் அவர் கழுத்து வரை சிவந்துவிட்டது. திரும்பித் திரும்பி, "இதோ, ஆயிடுச்சு, இதோ" என்றார். ஆற்றினார், ஆற்றினார். கடைசியில் ஆவி பறக்கும் சிவப்புச் சீராப் ஒன்று அருளம்பலம் கைக்கு வந்தது.

அவர் அதை முழுக்கக் குடித்தார். குவளையின் அடி தெரியும் வரை. எழுந்து கை கூப்பி, "மிகவும் நன்றாக இருந்தது" என்று தன் திருத்தமான மலாயில் சொன்னார்.

தெருவுக்கு வந்ததும் குடையை விரித்தார். "வெந்நீர்ச் சீராப். என்ர சீவியத்தில இதைப் போல ஒரு கேவலமான சாமானைக் குடிச்சதில்லை" என்றார். முழுக் குச்சி ஒன்றை எடுத்துச் சட்டைப் பையைத் தட்டி உள்ளே போட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எதையும் தட்டிப் போட்டதை நான் பார்த்ததில்லை.

உத்தரவு வந்த அன்று நாங்கள் இருவரும் தெங்கேராவில் தங்கம் அக்கா வீட்டுக்குப் போனோம். அருளம்பலம் முதல் தடவை சொன்னதும் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்ததையெல்லாம் அந்த நெருப்புப்பெட்டியிலேயே போட்டு அக்காவிடம் நீட்டினார்.

"இந்தாரும் பிள்ளை. உம்முடைய உத்தியோகம். இனி நிரந்தரம்."

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். முழுக் குச்சிகளுக்கு நடுவே ஒடிந்தவை சில கிடந்தன. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய், வேண்டுமென்றே ஒரு பாதிக் குச்சியைப் பொறுக்கி எடுத்து உரசினார். பற்றிக்கொண்டது. அடுப்பை மூட்டிக் கேத்தலை ஏற்றிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஒடிச்சதும் எரியத்தான் செய்யுது சார்" என்றார்.